பட்டம் ஏற்றின காலம்: ஒரு திருத்தம்



சென்ற வருடம் தைப்பொங்கலன்று இதே நிகழ்ச்சியில் எங்கள் காலத்து விளையாட்டுகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தியிருந்தேன். சிலருக்கு நினைவிருக்கலாம். கிளித்தட்டு, கிட்டிப்புள், பேணிப்பந்து, போளை, பம்பரம், பட்டம் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். முடிவில், "இந்த நாட்டிலே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நான்கு சுவருக்குள் திரையைப் பார்த்துக்கொண்டே வளருகிறார்கள்" என்று கொஞ்சம் கவலையோடும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையோடும் முடித்தேன். நிகழ்ச்சி முடிந்த கையோடு நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. எல்லாம் பாராட்டு. கண் கலங்கிவிட்டது என்றார்கள்.

ஆனால் மூன்று பேர் சொன்னது வேறு விதமானது. அந்த மூன்றும் ஒரு வருடமாக என்னை விடவில்லை. நான் தொழிலால் கணக்காளன். சமர்ப்பித்த கணக்கில் பிழை இருப்பது பிறகு தெரிய வந்தால், திருத்திய கணக்கு ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். அதுதான் முறை. இன்றைய உரையை அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அன்று சொன்னதில் திரும்பப் பெறத் தேவையில்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில், தெல்லிப்பழைப் பக்கம். செம்மண் தோட்டம். மார்கழி கடைசியில் மழை ஓய்ந்து வர, வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று ஒரே சீராக வீசத் தொடங்கும். அந்தக் காற்றுக்காக நாங்கள் தீபாவளி முடிந்ததிலிருந்தே காத்திருப்போம். கமுகஞ் சிலாகையை அல்லது மூங்கிலை எடுத்துச் சீவி, இரண்டு பக்கமும் ஒரே பாரமாக இருக்கிறதா என்று நடு விரலில் வைத்து நிறுத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் சரிந்தால் இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும். கூடச் சீவினால் அந்தச் சிலாகை போச்சு. கடையில் ரிசுத்தாள் வாங்கக் காசு இருந்தால் நிறத்தில் பட்டம், இல்லாவிட்டால் பழைய பேப்பரில் பட்டம். பேப்பர் பட்டம் பாரம், நல்ல காற்றுக்குத்தான் ஏறும். ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை காய்ச்ச அம்மாவிடம் ஒரு கரண்டி மா கேட்டால் கிடைக்காது. எழுபதுகளின் நடுப்பகுதி, மாவும் பாணும் தட்டுப்பாடான காலம். அதனால் சோற்றைப் பிசைந்து ஒட்டுவோம், அல்லது விளாத்தி மரத்தில் பிசின் எடுத்து ஊற வைப்போம்.

எட்டுமூலை, கொக்கு, பிராந்து, வௌவால், பெட்டி என்று பட்டங்களில் பல சாதி. எதுவானாலும் அதற்கு விண் பூட்டினால்தான் மதிப்பு. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விண் என்றால், பட்டத்தின் தலைப் பக்கத்தில் வில்லுப் போல வளைத்துக் கட்டுகிற ஒரு தடி. அதிலே நாண் இருக்கிற இடத்தில் மெல்லிய நாடா ஒன்றை இழுத்துப் பூட்டுவார்கள். பார்சல் கட்டுகிற நாடாதான் நல்லது. அந்த நாடா காற்றிலே அதிர்ந்து கூவும். இரவிலே நூலைப் பனையிலோ தென்னையிலோ கட்டி விட்டுவிட்டு வந்து படுத்தால் விடிய விடிய ஊர் முழுக்கக் கூவிக்கொண்டே இருக்கும். ஒன்று கனத்த குரல், ஒன்று கீச்சுக் குரல். பாயில் படுத்துக்கொண்டே எது யாருடையது என்று சொல்லுவோம். சத்தம் நடுவில் நின்றுவிட்டால் பட்டம் எங்கேயோ விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நித்திரை வராது.

இதிலே ஒன்றும் பொய்யில்லை. வெறுங்காலோடு நெருஞ்சி முள்ளில் ஓடினோம். தோட்டத்தில் மெசின் போட்டு இறைக்கும்போது தொட்டிக்குள் குதித்தோம். நுங்குக் கோம்பையில் வண்டில் செய்தோம், குரும்பட்டியில் தேர் கட்டினோம், பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினோம், சைக்கிள் சில்லை உருட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக ஓடினோம்.

ஆனால் ஏன் அப்படி இருந்தோம் என்று அன்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏதோ இயற்கையிலேயே சுறுசுறுப்பானவர்கள் என்பது போலப் பேசிவிட்டேன். வணிகம் படித்தவன் இப்படிப் பேசக் கூடாது. 1970க்கும் 1977க்கும் இடையில் இருந்த அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. கடையிலே விளையாட்டுச் சாமான் என்று ஒன்று இருந்தால்தானே வாங்கித் தருவதற்கு? அதனால் பனையும் தென்னையும் எங்களுக்குச் சாமான் ஆனது. அதே இறக்குமதிக் கட்டுப்பாட்டால்தான் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவது குறைந்து, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு நல்ல விலை கிடைத்தது. எங்கள் ஐயாவும் அம்மாவும் விடியப் புறம் தோட்டத்தில் இறங்கினால் பொழுதுபடத்தான் ஏறுவார்கள். பிள்ளையை யார் வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது? வெளியே விட்டார்கள். தொலைக்காட்சி இலங்கைக்கு வந்ததே 1979இல். ரூபவாகினி தொடங்கியது 1982இல். அதற்குள் நான் மீசை அரும்புகிற வயதுக்கு வந்துவிட்டேன். பகலில் வீட்டுக்குள் புழுக்கம், இரவில் அரிக்கன் லாம்பு. வீட்டுக்குள் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அவ்வளவுதான்.

எங்களைத் தனியே விட்டார்கள் என்பதும் முழு உண்மையில்லை. கிடுகு வேலிகளில் பொட்டு என்று ஒன்று இருக்கும். ஆள் குனிந்து போகிற அளவு ஓட்டை. அந்தப் பொட்டுகளால் நுழைந்து நுழைந்து, ஒழுங்கையில் கால் வைக்காமலே ஐந்தாறு வளவுகளைத் தாண்டிப் போய்விடலாம். ஒவ்வொரு வளவிலும் ஒரு ஆச்சியோ, பெரியம்மாவோ, மாமியோ உரலடியில் அல்லது கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். "எங்கையடா ஓடுறாய், கொம்மாவிட்டைச் சொல்லவோ?" என்று ஒரு சத்தம். நான் மாமரத்தில் ஏறின செய்தி நான் இறங்குவதற்கு முன்னமே வீட்டுக்குப் போய்விடும். விழுந்து முழங்கால் உடைந்தால் எந்த வீடு கிட்டவோ அந்த வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவார்கள். எங்கள் சுதந்திரம் என்று நான் சொன்னது அந்தக் கண்களுக்கு நடுவில் ஓடித் திரிந்த சுதந்திரம்.

இனி அந்த மூன்று பேரிடம் வருகிறேன்.

முதலாவது என்னுடைய அக்கா. ரொறன்ரோவில் இருக்கிறா. இணையத்தில் எங்கள் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கிறவ. மறுநாள் எடுத்து, நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டுக் கேட்டா:

"தம்பி, எல்லாம் சரி. உன்ர பட்டத்தை ஆர் பிடிச்சு விட்டது எண்டு சொல்லேல்லையே?"

பெரிய பட்டத்தைத் தனி ஆளாக ஏற்ற முடியாது. ஒருவர் நூல்கட்டையோடு நிற்க வேண்டும். மற்றவர் பட்டத்தைக் காற்றுப் போகிற பக்கமாக முப்பது நாற்பது யார் தூரம் கொண்டுபோய், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, காற்று எழும்புகிற கணம் பார்த்து விட வேண்டும். விடுகிற ஆள் பிழைவிட்டால் பட்டம் குத்திக்கொண்டு விழும். எனக்கு ஏழு வயதிலிருந்து மூன்று வருடம் அதைச் செய்தது அக்கா. என்னைவிட மூன்று வயது மூப்பு. காற்று வருவதை அவவுக்குக் கன்னத்தில் தெரியும். "இப்ப இழுடா!" என்று அங்கேயிருந்து கத்துவா. இழுத்தால் ஏறும்.

1978இல் அக்கா பெரியபிள்ளையானா. சடங்கு நடந்தது. அதற்குப் பிறகு அவ தரவைக்கு வரவில்லை. பட்டத்தைப் பிடித்துவிட ஒரு மச்சான் வந்தான், அவனுக்குக் காற்றுத் தெரியாது என்பதுதான் எனக்கு இருந்த மனத்தாங்கல். இன்னொன்றும் நினைவிருக்கிறது. அந்த வருடம் எங்கள் மேற்கு வேலியில் இருந்த பொட்டை ஐயா கிடுகு வைத்து அடைத்துவிட்டார். சுற்றிப் போக வேண்டி வந்ததே என்று எனக்கு ஒரே கோபம். ஏன் அடைத்தார் என்று நான் யோசிக்கவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் யோசிக்கவில்லை. அன்றைக்குத் தொலைபேசியில்தான் இரண்டும் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தது.

"பிறகு நான் குசினிக்கையிருந்து விண் சத்தம் மட்டும்தான் கேட்டனான்" என்றா அக்கா. "உன்ர விண் எது எண்டு எனக்குத் தெரியும். அது கொஞ்சம் அழுற மாதிரிக் கிடக்கும். அது கேட்டா, சரி, தம்பி இன்னும் வெளியிலதான் நிக்கிறான், சோத்தைப் பிறகு போடுவம் எண்டு நினைப்பன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சமாளித்திருப்பேன். அவ சாதாரணமாகச் சொன்னா, சிரித்துக்கொண்டே சொன்னா.

அக்காவைப் படிக்க விடாமல் மறித்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். படித்தா, நன்றாகவே படித்தா. பள்ளிக்கூடத்துக்குப் போய் வர விட்டார்கள். வெளியில் ஒரு அலுவலும் இல்லாமல் சும்மா நிற்பதற்குத்தான் விடவில்லை. நான் சென்ற வருடம் அரை மணித்தியாலம் புகழ்ந்து பேசியது அந்தச் சும்மா நிற்பதைத்தான். கிணற்றடியிலும் உரலடியிலும் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டவர்கள் என்றேனே, அவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்கள் வேலிக்கு உள்ளே நின்றபடியால்தான் நாங்கள் வேலிக்கு வெளியே ஓடினோம். செலவே இல்லாத சந்தோசம் என்று அன்று சொன்னேன். செலவு இருந்தது. அதை வேறு ஆட்கள் கட்டினார்கள்.

இரண்டாவது ஆள் ஒரு நேயர். பெயர் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. குரலில் என்னைவிட மூத்தவர். எங்கள் பக்கத்து ஊர்தான் என்று பேச்சில் தெரிந்தது.

"தம்பி, கோயில் வீதியில கிளித்தட்டு விளையாடினது எண்டு சொன்னீர்" என்றார். "அந்த வீதியில நாங்கள் ஒருநாளும் இறங்கி விளையாடினது கிடையாது. தள்ளி நிண்டு பாத்திருக்கிறம். வேலிப் பொட்டெண்டும் சொன்னீர். எங்களுக்குப் பொட்டும் இல்லை, படலையும் இல்லை. படலைக்கு வெளியில நிண்டு கூப்பிடுற ஆக்கள் நாங்கள்."

எனக்குப் பதில் வரவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கிற சட்டம் இலங்கையில் 1957இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1968இல், நான் பிறந்த வருடம், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சனங்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. விளையாட்டைப் பற்றிய பேச்சில் இது எதற்கு என்று நினைத்திருக்கிறேன், அல்லது நினைக்கவே இல்லை.

சென்ற வருடம் "நாங்கள் விண் கட்டுவோம்" என்று சொன்னேன். திருத்திக்கொள்கிறேன். எனக்கு விண் கட்டத் தெரியாது. சிலாகை சீவத் தெரியும், ஒட்டத் தெரியும், முச்சை கட்டவும் ஓரளவு தெரியும். விண் கட்டித் தந்தது எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவரின் மகன், என் வயதுதான். பலாமரத்தடியில் இருந்து கட்டுவான். நாடாவைப் பல்லில் கடித்து இழுத்துப் பூட்டி, காதடியில் பிடித்துச் சுண்டிப் பார்ப்பான். சரிவராவிட்டால் அவிழ்த்து மறுபடியும் கட்டுவான். அவன் கட்டினால் கட்டினதுதான். வேலை முடியத் தண்ணி விடாய்க்குது என்பான். அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு எங்கள் வீட்டில் தனியாக ஒரு தகரப் பேணி இருந்தது. கிணற்றடிச் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும். அம்மா வார்க்க அவன் குடிப்பான். நான் உள்ளே போய்ச் செம்பிலே குடிப்பேன். பிறகு இரண்டு பேரும் தரவைக்கு ஓடுவோம். அந்தப் பேணியை நான் வித்தியாசமாகப் பார்த்ததே இல்லை.

அந்த நேயரிடம் அவனுடைய பெயரைச் சொல்லி, நீங்களா என்று கேட்டேன். "அவர் நானில்லை" என்றார். பிறகு, "ஆனா அப்பிடி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆள் இருந்தவர்தானே" என்றார். அவன் இப்போது எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது. 1990 ஆனி மாதம் எங்கள் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது எல்லோரும் எல்லாப் பக்கமும் சிதறினோம். அதற்குப் பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். பகுதி பகுதியாக விட்ட பிறகு 2018இல் போய்ப் பார்த்தேன். வேலியும் இல்லை, பொட்டும் இல்லை, எது யாருடைய வளவு என்று சொல்லக் கிணறுகள் மட்டும்தான் மிச்சம். எங்கள் கிணற்றடிச் சுவர் பாதி நின்றது.

மூன்றாவது ஆள் என் மகள்.

அவவுக்கு இப்போது இருபத்தாறு வயது, வேலை பார்க்கிறா. சென்ற வருடம் காரிலே கேட்டுக்கொண்டு வந்தாவாம். இரவுச் சாப்பாட்டில் வைத்துச் சொன்னா: "அப்பா, பார்க் எங்கட வீட்டிலயிருந்து ரெண்டு ஸ்ட்ரீட்தானே. நீங்கள் ஒருக்காவும் என்னைத் தனியப் போக விடேல்லையே?"

கனடாவில், நோர்வேயில் இருக்கிறவர்கள் பனியைச் சாட்டலாம். சிட்னியில் அந்தச் சாட்டும் இல்லை. வருடத்தில் பாதி நாள் வெயில். ஒவ்வொரு புறநகரிலும் புல்வெளி, ஊஞ்சல், கிரிக்கெட் பிட்ச். பள்ளிக்கூடங்களில் தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை என்று சட்டம் போடுகிற அளவுக்கு வெளியே விளையாடுகிற நாடு இது. புல்லிலே பிண்டி என்று முள்ளுக்கூட இருக்கிறது, எங்கள் நெருஞ்சியின் தம்பி. இருந்தும் என் மகள் அந்தப் புல்வெளியைப் பெரும்பாலும் கார்க் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்தா. சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் பரதநாட்டியம். ஞாயிறு செலக்டிவ் பரீட்சைக்கு ரியூசன். கிழமை நாட்களில் பியானோ, நீச்சல். எல்லா இடத்துக்கும் நான்தான் ஏற்றி இறக்கினேன். திரையைப் பார்த்து வளருகிற பிள்ளைகள் என்று சொன்னேனே, அந்தத் திரையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கணினி முன்னால் இருந்தால் எங்கே இருக்கிறா என்று எனக்குத் தெரியும்.

வாகனம், போதைப்பொருள், தெரியாத மனிதர்கள் என்று மனைவியும் நானும் காரணங்கள் சொல்லிக்கொண்டோம். அது காரணம் இல்லை.

எனக்குப் பதினாறு வயதாகும்போது அதே அம்மா, காலையில் போனால் பொழுதுபட வா என்று விட்ட அதே அம்மா, ஒழுங்கை முடக்கில் வந்து நிற்கத் தொடங்கினா. பெடியன்களைச் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போன காலம். 1986, 87இல் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் வெட்டையில் நிற்கக் கூடாது. வெட்டையில்லாமல் பட்டம் எப்படி விடுவது? ஒருவரும் தடைசெய்யாமலே எங்கள் தரவையில் பட்டம் நின்றுபோனது. அம்மா பின்னேரத்தில் எங்களை எண்ணிப் பார்ப்பா. மனைவி பள்ளிக்கூடம் போனது இதற்கும் பிந்திய காலம், குண்டுவீச்சுக் காலம். அவவுக்குப் பள்ளி விளையாட்டு மைதானம் என்றால் முதலில் நினைவு வருவது பதுங்குகுழிதான். வெளியே போன பிள்ளை திரும்பி வரும் என்பதை நாங்கள் இரண்டு பேரும் எங்கேயோ மறந்துவிட்டோம். விமானம் ஏறி வந்தும் அது திரும்பி வரவில்லை.

மகளுக்கு ஒன்பது வயது இருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சொல்லாமல் எதிர் வீட்டுக்குப் போய்விட்டா. அங்கே ஓர் இத்தாலியப் பாட்டி, வீட்டில் நாய்க்குட்டி. பத்து நிமிடம்தான். நான் செருப்பும் போடாமல் நடுத்தெருவில் நின்று பெயர் சொல்லிக் கத்தினேன். அவ அந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது கையைப் பிடித்து இழுத்தேனாம். எனக்கு அது அவ்வளவாக நினைவில்லை. அவவுக்கு நினைவிருக்கிறது.

"உங்கட முகத்தைப் பார்த்து நான் பயந்திட்டன் அப்பா. அதுக்குப் பிறகு நான் வெளியில போகக் கேக்கிறதை விட்டிட்டன். உங்களுக்கு ஏதோ நடந்திடும் எண்டு நினைச்சன்."

ஒன்பது வயதில் அவ என்னைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறா. அப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றித்தான் நான் வானொலியில், இவர்களுக்கு வெளியே விளையாட ஆசை இல்லை என்று பேசினேன்.

நேயர்களே, கணக்கைத் திருத்திவிட்டேன். இந்தத் தை மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

இங்கே தைப்பொங்கல் எப்போதும் கோடை விடுமுறைக்குள் வருகிறது. கோடைப் பின்னேரங்களில் சிட்னிக்குக் கடலிலிருந்து வருகிற காற்றும் வடகிழக்குக் காற்றுத்தான். முப்பது வருடமாக இங்கே இருந்தும் இதை நான் இந்த வருடம்தான் கவனித்தேன். கடற்கரையில் மத்தியானமே தொடங்கிவிடும். எங்கள் மேற்குப் பகுதிக்கு வந்து சேர மாலை ஐந்து ஆறு மணியாகும், அதுவும் பலமில்லாமல். இருந்தாலும் வாடை வாடைதான்.

அக்கா ஒரு கலியாணத்துக்கு வந்து எங்களோடு மூன்று கிழமை நின்றா. நான் கார்க் கொட்டகையில் இருந்து ஒரு எட்டுமூலை கட்டினேன். மகள் தாள் ஒட்டினா. முதற் பட்டத்தில் முச்சை பிழைத்துவிட்டது, சுழன்றுகொண்டு விழுந்து சிலாகை முறிந்தது. இரண்டாவதுக்கு விண்ணும் பூட்டினேன். யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் கட்டுகிற காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பூட்டினேன். பலாமரத்தடியில் இருந்தவன் பார்த்தால் சிரிப்பான்.

பொங்கலன்று மாலை, மகளுக்கு நான் விடாத அந்த இரண்டு தெரு தள்ளிய மைதானத்துக்கு எல்லோரும் நடந்து போனோம். இங்கே 400 அடிக்கு மேல் பட்டம் விட அனுமதி வேண்டும் என்று நான் சட்டம் சொல்லிக்கொண்டு போனேன். நாங்கள் 40 அடி ஏற்றினாலே பெரிய காரியம் என்றா மனைவி. மைதானத்தில் நான் வழக்கம்போல நூல்கட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். பட்டத்தை அக்காவிடம் நீட்டினேன். பழக்கதோசம்.

அக்கா வாங்கவில்லை.

"நான் பிடிச்சு விட மாட்டன். நூலை என்னட்டைத் தா. நீ போய்ப் பிடி" என்றா.

அறுபது தாண்டின மனிசி, முழங்கால் வருத்தம், சப்பாத்துக்கு மேலே சேலை. நான் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு காற்றுப் போகிற பக்கம் நடந்தேன். எனக்குக் கன்னத்தில் காற்றுத் தெரியவில்லை. இரண்டு தரம் பிழையான நேரத்தில் விட்டு இரண்டு தரமும் குத்திக்கொண்டு விழுந்தது. மூன்றாம் தரம் அக்கா அங்கேயிருந்து "இப்ப விடடா!" என்று கத்தினா. விட்டேன். ஏறிவிட்டது.

விண் பெரிதாகக் கூவவில்லை. ஒரு இருபது நிமிடம் மெல்லிய ரீங்காரம் மட்டும் இருந்தது. நாயோடு நடந்து போன ஒருவர் நின்று, அது என்ன சத்தம் என்று கேட்டார். மகள் அவருக்கு விளங்கப்படுத்தினா, என்னைவிட நன்றாகவே விளங்கப்படுத்தினா. இருட்டுப்படத் தொடங்கியது. மனைவி சாப்பாடு ஆறுகிறது என்றா. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூலை மகளிடம் ஒருக்கால் கொடுத்தா, திரும்ப வாங்கினா. நாங்கள் புல்லில் இருந்துகொண்டு காத்திருந்தோம்.

உங்களில் விண் கட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து நிலையத்துக்கு அழையுங்கள். ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, எந்தப் பக்கமோ பரவாயில்லை. எனக்குச் சொல்லித் தர வேண்டும். சென்ற வருடம் அழைத்த அந்த நேயரும் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் என்னிடம் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எங்கே விளையாடினார்கள், என்ன விளையாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த ஒலிவாங்கியில் ஒருநாள் அதை அவர் சொன்னால், அந்த அரை மணித்தியாலத்தை நான் அவருக்கு விட்டுத் தருகிறேன்.